அடுப்படி வரை நடந்தால் போதுமா

அறுவை சிகிச்சை முடிந்த பத்தொன்பதாம் நாள் அம்மா ரசம் வைத்தாள். வாக்கரை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இடது முழங்கையை மேடையில் ஊன்றி, வலது கையில் கரண்டியோடு நின்றாள். அண்ணன் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'அம்மா பழையபடி ஆயிட்டாங்க' என்று கீழே ஒரு வரி. பத்தே நிமிடத்தில் சித்தப்பா, அத்தை, பெங்களூரில் இருக்கும் தம்பி என்று எல்லோரிடமிருந்தும் கைகூப்புகளும் பூங்கொத்துகளும் வந்தன. நானும் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன். பதினெட்டு வருட வகுப்பறை, எத்தனையோ பெண்ணியக் கருத்தரங்குகள், இரண்டு கவிதைத் தொகுப்புகள், எல்லாம் இருந்தும் அந்த இதயத்தை அனுப்பினேன்.

மறுநாள் பிசியோதெரபி தம்பியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருமுறை வந்து போக 500 ரூபாய். 'அதான் நடக்கறாங்களே' என்றார் அண்ணன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். அப்போதும் இதே வீடு, இதே கட்டில், இதே வாக்கர். ஆனால் அப்பா தேறிவிட்டாரா என்பதற்கு வீட்டில் இருந்த அளவுகோல் டீக்கடை. முதலில் வாசற்படி, பிறகு பால் சொசைட்டி, பிறகு பஸ் ஸ்டாப், கடைசியில் டீக்கடை. நாலு மாதம் ஆனது. அவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்த அன்றைக்குத்தான் நாங்கள் 'தேறிவிட்டார்' என்று சொன்னோம். அதுவரை பிசியோதெரபிக்குக் காசு கொடுப்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்கான அளவுகோல் கட்டிலிலிருந்து அடுப்படி. பிறகொரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு தப்படி.

அம்மா நின்று சமைத்ததில் மருத்துவ ரீதியாகப் பெரிய தவறொன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு முறிந்தவர்களை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவம். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். நிற்க வேண்டும், நடக்க வேண்டும். என் சண்டை அதோடு அல்ல. அவள் அடுப்படியில் நின்ற நிமிடத்தோடு மற்ற எல்லாமே நின்றுபோனது. அதோடுதான் சண்டை.

அம்மாவுக்கு உடைந்தது தொடை எலும்பின் கழுத்து. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ, அறிவியல் புத்தகத்தில் 'பந்து கிண்ண மூட்டு' என்று படம் போட்டிருக்குமே, அந்தப் பந்துக்குக் கீழே இருக்கும் மெலிந்த பகுதி. பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்தினார்கள். பந்தை மாற்றுவது சில மணி நேர வேலை. அதைச் சுற்றியிருக்கும் தசைகளை மாற்ற முடியாது, அவற்றை வளர்த்தெடுக்கத்தான் வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில், புட்டத்துக்கு மேலே, விசிறிபோல் ஒரு தசை இருக்கிறது. நாம் ஒரு காலைத் தூக்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் மற்றக் கால் தாங்குகிறதே, அப்போது இடுப்பு ஒருபக்கமாகச் சரியாமல் பிடித்து நிறுத்துவது இதுதான். அது பலமிழந்தால் ஒவ்வொரு தப்படிக்கும் இடுப்பு எதிர்ப்பக்கம் சரியும், நடை தாங்கித் தாங்கிப் போகும். டிரென்டலென்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895-இல் இதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் 'வயசாயிடுச்சு'.

அந்தத் தசையைத் திரும்பப் பெற, பக்கவாட்டில் காலைத் தூக்கிப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், இறக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில். டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். படங்களில் அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆண் காலைத் தூக்கிக்கொண்டிருந்தான். அம்மா நைட்டியில் ஹாலில் படுத்திருந்தாள். டிவி அங்கேதான், வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு உட்காருவதும் அங்கேதான். கதவுள்ள ஒரே அறையில் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் படுத்தார்கள். சித்தப்பா சோபாவில் உட்கார்ந்து நியூஸ் பார்க்கும்போது நைட்டி போட்ட எழுபது வயதுப் பெண் எப்படிக் காலைத் தூக்குவாள்? அவள் தூக்கவில்லை. 'அம்மா சொன்னா கேக்கறதில்ல, சோம்பேறித்தனம்' என்று அண்ணன் போனில் சொன்னார். அறுபது வருடம் விடியற்காலை நாலரைக்கு எழுந்தவளைப் பற்றி.

அடுத்து வந்தது அந்த அழியாத வாசகம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், சித்தப்பா சொன்னார், வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வேர்டும் சொன்னது: 'எதுக்குப் பிசியோ? குனிஞ்சு நிமிர்ந்து வீட்டு வேலை செஞ்சாலே போதும். அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, உரல்ல இடிச்சாங்க, கிணத்துல தண்ணி சேந்துனாங்க. இடுப்பு வலியே கிடையாது.'

மாணவிகளே, உங்களுக்கும் இந்த ஃபார்வேர்டு வந்திருக்கும். சிசேரியன் ஆகாமலிருக்க, மாதவிடாய் சீராக, எடை குறைய, எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான். வீட்டு வேலை உடற்பயிற்சி என்று சொல்கிற யாரும் அந்தப் பயிற்சியைத் தானே செய்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் தொடைக்கு ஏன் ஒருவரும் அம்மியைப் பரிந்துரைக்கவில்லை?

உடற்பயிற்சிக்கு ஒரு கணக்கு உண்டு. இன்றைக்குத் தசை தாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமை கொடுத்து, பிறகு அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வில்தான் தசை வளரும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். வலி ஓர் எல்லையைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டு வேலையில் இவற்றில் எது இருக்கிறது? அரிசி கொதிக்கும்போது இடுப்பு வலித்தால் அரிசி நிற்குமா? பெருக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் ஒரே மூட்டை, ஒரே கோணத்தில், ஒரே சுமையில் வருடக்கணக்காகத் தேய்க்கின்றன. எந்தத் தசையைப் பலப்படுத்த வேண்டுமோ அதைத் தொடுவதே இல்லை. இது மருந்தென்றால், எங்கள் டெல்டாவில் நாற்பது வருடம் குனிந்தே நடவு நட்ட பெண்களுக்கு இடுப்பு இரும்பாகியிருக்க வேண்டும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் மட்டும் நாலு பாட்டிகள் தரையைப் பார்த்தபடிதான் நடந்தார்கள். 'கூன்பாட்டி' என்று கூப்பிட்டோம், ஓடிப்போய் வழியை மறித்துச் சிரித்தோம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு எப்படி அடர்த்தி குறைந்து நொறுங்கும் என்று அப்போது யார் எங்களுக்குச் சொன்னார்கள்? இன்றைக்குத் தெரிந்தும், அம்மா விழுவதற்கு முன்னால் அவள் எலும்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று படித்த மகளுக்குத் தோன்றவில்லை.

மருத்துவத்தின் அளவுகோல் மட்டும் யாருக்காகச் செய்யப்பட்டது? 1969-இல் வில்லியம் ஹாரிஸ் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இடுப்பு மூட்டுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் வகுத்தார். உலகம் முழுவதும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 100. வலியில்லாவிட்டால் 44. தாங்காமல் நடந்தால் 11. சிரமமில்லாமல் காலுறையும் காலணியும் போட முடிந்தால் 4. சாதாரண நாற்காலியில் ஒரு மணி நேரம் வசதியாக உட்கார முடிந்தால் 5. பொதுப் பேருந்தில் ஏற முடிந்தால் 1. என் அம்மா பிறந்ததிலிருந்து காலுறை போட்டதில்லை. சம்மணம் போட்டுச் சாப்பிட முடியுமா, தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, குத்துக்காலிட்டுக் கழிப்பறைக்குப் போக முடியுமா என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. மூட்டு மாற்றியவர்கள் குத்துக்காலிடக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுச் சமாளித்தோம். பேருந்துக்கு 1 மதிப்பெண் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நம் ஊரில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, நல்ல திட்டம், நானும் அதில் போகிறவள்தான். அந்தப் பேருந்தின் முதல் படியில் கால் வைக்க முடியாத பெண்ணுக்கு எந்த ஊர் இலவசம்?

சொல்லும்கூட நமக்கு இடைஞ்சலாக இருக்கிறது. தமிழ்த்துறைக்காரி இதைப் பேசாமல் விட முடியாது. 'இடை' என்றால் நம் இலக்கியத்தில் மின்னல், கொடி, உடுக்கை. இருக்கிறதா இல்லையா என்று கவிஞர்கள் ஐயப்பட்டே ஆயிரம் வருடம் கழித்துவிட்டார்கள். பேச்சில் 'இடுப்பு' என்பது இடையாகவும் இருக்கும், கீழ்முதுகாகவும் இருக்கும், மூட்டாகவும் இருக்கும். கல்யாணமான பெண் 'இடுப்பு வலி' என்று சொன்னால் பிரசவ வலிதான் எல்லோருக்கும் நினைவு வரும். என் மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து இடுப்பு வலிக்கிறது என்று வெளியே போக அனுமதி கேட்டபோது பின்பெஞ்சில் சிரித்தார்கள். அவள் கபடி ஆடி மூட்டில் அடிபட்டவள்.

இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தெரிவது தொடை இடுக்கில், கவட்டையில். சிலருக்கு அது முழங்கால் வரை இறங்கும். கவட்டை என்ற சொல்லை டாக்டர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு என் பெரியம்மா ஒன்றரை வருடம் முழங்காலையே காட்டிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், முழங்காலுக்குத் தைலம் கொடுத்தார்கள், முழங்காலுக்கு உறை மாட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் மருத்துவர் படுக்க வைத்துக் காலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோதுதான் அலறினார். கெட்டுப்போயிருந்தது முழங்கால் அல்ல, மேலேயிருந்த பந்து.

என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். நாற்பத்து நாலாவது வயதில் இடது பக்க இடுப்பில் வெளிப்புறம் வலி ஆரம்பித்தது. அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் போகும். முதலில் பார்த்த டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'வெயிட்டைக் குறைங்க மேடம், இந்த வயசுல வர்றதுதான்' என்றார். இரண்டாவது ஆள் ஊசி போடலாம் என்றார். மூன்றாவதாகப் போன பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். 'வகுப்புல எப்படி மேடம் நிப்பீங்க? நின்னு காட்டுங்க' என்றாள். நின்றேன். வலது காலைத் தளர்த்தி, இடுப்பை இடப்பக்கம் ஒசித்து, கையில் புத்தகம். 'இதுதான் மேடம் பிரச்சினை, இப்படி நிக்கக் கூடாது' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலப் பார்வதிகள் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். திரிபங்கம் என்று நாமும் நோட்ஸ் கொடுக்கிறோம். அதில் எத்தனை பேர் நாளைக்கு நாலு பீரியட் நின்று பாடம் எடுத்தார்கள், எத்தனை பேர் இரண்டு வயதுப் பிள்ளையை எப்போதும் இடப்பக்க இடுப்பிலேயே தூக்கினார்கள் என்று தெரியவில்லை.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் அதிகம் காணப்படும் வலி இது. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. இந்த வலியுள்ள 204 பேர், பெரும்பாலோர் பெண்கள், மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி. ஒரு பிரிவுக்குப் பொறுத்திருந்து பார்க்கச் சொல்லும் ஆலோசனை. மூன்றாவது பிரிவுக்கு எப்படி நிற்பது, எப்படிப் படுப்பது என்ற விளக்கத்தோடு பயிற்சி. எட்டு வாரத்தில் பயிற்சி செய்தவர்களே அதிகம் தேறினார்கள். சந்தோஷமான முடிவுதான். ஆனால் அந்த எட்டு வாரத்தில் அவர்கள் பதினான்கு முறை பிசியோதெரபிஸ்டைப் பார்த்தார்கள், வீட்டில் தினமும் பயிற்சி செய்தார்கள். எனக்குச் சம்பளம் இருக்கிறது, ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. அப்படியும் ஒன்பது முறைதான் போக முடிந்தது. பாத்திரக் கடையில், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு யார் பதினான்கு விடுப்பு கொடுப்பார்கள்? விற்பனைப் பெண்கள் உட்காரவே கேரளத்தில் விஜியும் பெண்கூட்டு அமைப்பினரும் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது, 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகளில் இருக்கை தர வேண்டும் என்று திருத்தம் வந்தது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, உங்களுக்கு இருபது புடவையைப் பிரித்துக் காட்டும் பெண்ணின் பின்னால் நாற்காலி இருக்கிறதா, அதில் அவள் உட்கார்ந்து பார்த்தீர்களா என்று கவனியுங்கள்.

இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு துறையாக வளர்த்தவர் ஒரு பெண் என்பதை எத்தனை பேர் அறிவோம்? மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்தபோது 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1960-களில் வேலூரில் அதற்கென்றே துறையையும் நிலையத்தையும் கட்டியெழுப்பினார். தன் உடம்பில் நடக்காததைப் பிறர் உடம்பில் நடத்திக் காட்டியவர் என்று அவரைப் புகழ்வார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி அவ்வளவாகப் பிடிக்காது. அவர் உடம்பிலும் நடந்தது: அவர் வேலைக்குத் திரும்பினார், தான் விரும்பிய வேலைக்கு. எந்த வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று என் அம்மாவை யார் கேட்டார்கள்?

இதையெல்லாம் எழுதும்போது ஒருவரை மறைத்துவிட்டு எழுதுகிறேன். அண்ணி. அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பியது, கழிப்பறை நாற்காலியில் உட்கார வைத்தது, துடைத்துவிட்டது, இரவில் இரண்டு தலையணையைக் கால்களுக்கு நடுவே வைத்துத் திருப்பிப் படுக்க வைத்தது, எல்லாம் அண்ணிதான். நான் சனி ஞாயிறு மகள். பழம் வாங்கிக்கொண்டு போய், 'பயிற்சி செஞ்சீங்களாம்மா' என்று அதட்டிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுகிறவள். அந்த மூன்று மாதத்தின் முடிவில் அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரு பெண்ணின் இடுப்பைத் தேற்ற இன்னொரு பெண்ணின் இடுப்பைச் செலவழித்தோம். அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. மூட்டுக்குக் கிடைத்தது. அரசுக் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சைக்கு எங்களுக்குப் பெரிய செலவில்லை. அதற்குப் பிறகான மாதங்களின் உழைப்பை அட்டையும் கணக்கில் வைக்கவில்லை, அண்ணனும் வைக்கவில்லை, இதய எமோஜி அனுப்பிய நானும் வைக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிற அரசு, அதற்குப் பின் ஆறு மாதப் பயிற்சியையும் சிகிச்சையின் பகுதியாகவே தர வேண்டும். பயிற்சித் தாளைத் தமிழில் அச்சிட்டுப் புடவையும் நைட்டியும் கட்டிய பெண்ணைப் படத்தில் போட வேண்டும். கவனித்துக்கொள்கிறவரை எப்படிக் குனிந்து தூக்குவது என்று மருத்துவமனையிலேயே பழக்க வேண்டும், அவருக்கும் விடுப்பு வேண்டும். ஆண்மக்களையும் நிற்க வைத்துத்தான் பழக்க வேண்டும். இதில் எது நடக்காத காரியம்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அது இருப்பது எங்களுக்குத் தெரிந்ததே நாலாவது மாதம்தான், அதுவும் அண்ணி விசாரித்துச் சொல்லி. ஒரு பிசியோதெரபிஸ்ட் எத்தனை ஊரைச் சுற்ற முடியும்? இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

அப்படி வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள் முதலில் டிவியை அணைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, 'சார், அரை மணி நேரம் வெளிய இருங்க' என்றாள். அம்மா கைத்தடியை வலிக்கும் பக்கமே பிடித்திருந்தாள். அதை எதிர்க்கைக்கு மாற்றிக் கொடுத்தாள். எதிர்க்கையில் பிடித்தால்தான் அந்த விசிறித் தசையின் சுமை குறையும், இத்தனை நாள் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அப்புறம் கேட்டாள், 'உங்களுக்கு எங்கம்மா நடந்து போகணும்?'

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. 'அடுப்படிக்குத்தான் போறேனே பாப்பா' என்றாள்.

'அது இல்லம்மா. உங்களுக்கு, எங்க போகணும்?'

அம்மா வெகுநேரம் யோசித்தாள். 'ஐயனார் கோயில் குளத்தங்கரைக்கு' என்றாள்.

'வேண்டுதலாம்மா?'

'ஒண்ணுமில்ல. சும்மா.'

இப்போது ஏழாவது மாதம். கோயில் குளம் எங்கள் வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்பினாள், பாதி தூரம். அன்றைக்குக் காலை டிபன் அண்ணன் செய்தார். உப்புமா, கட்டி தட்டிப்போயிருந்தது. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்று பத்து எண்ணினேன்.